நீ உயிரோடிருந்தால்

எங்கள் கோவில் முகப்பில் இரண்டு கடிகாரங்கள்.
ஒன்று ஓடும். மற்றது சுவரில் தீட்டியது,
எப்போதும் பதினொன்றே கால்.
ஆன்மாவைப் பறிக்க வரும் சாத்தான்
நேரம் குழம்பித் திரும்பட்டும் என்று
கோஸோத் தீவின் கொத்தர்கள் செய்த தந்திரம்.
அன்றிரவு குழம்பியது நான்.

கிரிகால் காற்று. படகுகள் நின்றுவிட்டன.
பெரிய தீவுக்குப் போக வழியில்லை.
ஆஸ்பத்திரி மாடியில் கிராஸியெல்லா,
பதினெட்டு வாரம்,
பனிக்குடம் உடைந்து இரண்டு நாள்,
காய்ச்சல் முப்பத்தொன்பதரை.
மாதா கோவில் சுவரில் நேர்ந்துகொண்டு மாட்டிய
குழந்தைச் சட்டைகளுக்கு நடுவே
ஜனவரியில் அவளும் ஒன்று மாட்டியிருந்தாள், முன்பணமாக.
உள்ளே அந்தச் சின்ன இதயம்
பூட்டிய வீட்டுக்குள் அடிக்கும் தொலைபேசி மாதிரி
அடித்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் பூஹாஜர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
"அது தானாக நிற்கும்வரை..." என்று தொடங்கி
என் கழுத்துப் பட்டையைப் பார்த்தார்.

குருமடத்தில் ஏழு வருடம் இதைப் போதித்தவன் நான்.
ஒரு செயல், இரண்டு விளைவு.
நல்லதை நாடு, கெட்டதைப் பொறு,
கெட்டதையே வழியாக்காதே.
கரும்பலகையில் இரண்டு அம்புகள் வரைவேன்.
எந்த அம்புக்கும் வியர்த்ததில்லை.
எந்த அம்பும் பல் கிட்டிப்போய்த் தண்ணீர் கேட்டதில்லை.

ஆயர் இல்லத்துக்குப் போன் செய்யப் போனேன்.
காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன்.
மணி போனது. யாரும் எடுக்கவில்லை.
மறுபடி.
நாற்பது நிமிடம்.
உண்மையைச் சொன்னால், இரண்டாம் முறைக்குப் பிறகு
நான் எண்ணை அழுத்தவே இல்லை.

திரும்பி வந்தபோது அவள் உதடு நீலம்.
ஸ்பிரு, வலை இழுத்துக் காய்த்த கைகளால்
கட்டில் கம்பியைப் பிடித்தபடி
"அல்லா, அல்லா" என்றான்.
கத்தோலிக்கர்தான் நாங்கள்.
எங்கள் மொழியில் கடவுளுக்கு அந்தப் பெயர்தான்.

அவள் கண் திறந்தாள்.
"சாமி, என் பிள்ளையை நான் வேண்டாமென்றேனா?"
"இல்லை."
"அப்போ அதைக் கடவுளிடம் சொல்லுங்கள்.
டாக்டரிடமும்."

"செய்யுங்கள்" என்றேன்.
அம்புகள் ஒன்றும் நினைவில் இல்லை.
சரியா என்று இப்போது கேட்டால்
நூல்களை அடுக்கி வாதாடுவேன்,
வெல்லவும் செய்வேன்.
வென்றதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

என் உள்ளங்கை நீளம்.
தோல் வழியாக விளக்கு தெரிந்தது.
இருக்கிறதா, போய்விட்டதா,
நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள்.
மருந்துக் குப்பியின் மூடியில் தண்ணீர் எடுத்தேன்.

சந்தேகத்தில் சொல்வதற்கென்று ஒரு வாய்பாடு உண்டு:
"நீ உயிரோடிருந்தால்,
உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்..."
ஆண்டவரே என்று தொடங்கி ஆமென் என்று முடித்தே
பழகிய வாய் எனக்கு.
'இருந்தால்' என்ற இடத்தில் தடுக்கியது.
திருச்சபையும் எப்போதோ ஒரு விடியலில்
இப்படிக் கையில் ஒன்றை ஏந்தி நின்று
தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய நாள்
பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தாள் கிராஸியெல்லா.
சல்லடைக்கு அப்பால் வெகுநேரம் மூச்சு மட்டும்.
"சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, சாமி.
உங்களுக்கு?"

நாற்பது நிமிடத்தைச் சொன்னேன்.
காபி இயந்திரத்தைச் சொன்னேன்.
அழுத்தாத எண்ணைச் சொன்னேன்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
எழுந்து போய்விடவும் இல்லை.
மேலே ஓடுகிற கடிகாரம் ஆறு அடித்து முடித்தது.
வெளியே ஸ்பிரு வேனில் ஹாரன் அடித்தான்.

"வருகிறேன்" என்றாள்,
அவனுக்கா எனக்கா தெரியவில்லை.